உதிரி பொறுக்கிய கை

"அந்த ஊசி யாருக்குப் போட்டது? எனக்கு இப்பவே தெரியணும் மேட்ரன்."

உட்காரச் சொல்லியும் லோகேஸ்வரி உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடித்திருந்த தோரணையைப் பார்த்தால் அதைத் தூக்கிவிடுவாள் போலிருந்தது.

மேட்ரன் ஆவுடையம்மை பாலில்லாத தே ஓ தேநீர்க் குவளையை வாய்வரைக்கும் கொண்டுபோனவர், குடிக்காமல் கீழே வைத்தார். சிரம்பானில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் செட்டியார் வீட்டுப் பெண். நெற்றியில் விபூதிக் கீற்று, கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடை. குரலை உயர்த்தாமலேயே ஒரு வார்டை நடுங்க வைப்பார் என்று பேர். அந்தத் தனியார் மருத்துவமனையில் அவரிடம்தான் லோகேஸ்வரிக்குப் பயிற்சி. சில வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, நர்சிங் நிர்வாகத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். பல்கலைக்கழகம் ஒரு பருவம் முழுக்க ஒரு மேட்ரனின் நிழலாக இருந்து தொழில் கற்று வா என்று அனுப்பியிருந்தது. பருவம் முடிய மேட்ரன் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் பட்டம் இல்லை.

"கதவச் சாத்து ஆத்தா," என்றார் மேட்ரன்.

லோகேஸ்வரி சாத்தினாள்.

"மொத நாளே என்ன சொன்னேன்? கொன்ட்ரேக்ல சுத்தம் பண்ண வர்ற ஆளுங்க விஷயத்துல நாம தலைய விடக் கூடாது. அவங்களுக்குன்னு சூப்பர்வைசர் இருக்காரு, கம்பெனி இருக்கு. குத்துச்சு, வெட்டுச்சுன்னா அவங்க பாத்துக்குவாங்க."

"குத்துனது கம்பெனி ஊசியா மேட்ரன்? நம்ம வார்டு ஊசி. நம்ம நர்ஸ் போட்டுட்டு மஞ்சள் டப்பாவுல போடாம கீழ விட்ட ஊசி."

"நோயாளி யாருன்னு சொல்ல முடியாது. அது ஒனக்கே தெரியும்."

"பேர் வேணாம். அந்தக் கட்டில்ல இருக்கறவங்க இரத்தத்தச் சோதிங்க. கிருமி இருக்கா, இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. இருந்தா மருந்து ஆரம்பிக்கணும். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறமோ அவ்வளவு நல்லது, மூணு நாளத் தாண்டுனா பிரயோஜனமே இல்ல. இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். இதே அறையில்தான் மேட்ரன் அவளுக்கு நிர்வாகம் கற்றுக்கொடுத்தார். நோயின் தீவிரத்தைப் பார்த்து நர்ஸுகளைப் பிரிப்பது எப்படி, தீபாவளிக்கும் நோன்புப் பெருநாள் ராயாவுக்கும் சீனப் பெருநாளுக்கும் யாருக்கு லீவு கொடுத்தால் யார் முகத்தைத் தூக்குவாள், சிங்கப்பூருக்குப் போகிறேன் என்று மிரட்டுகிற சிஸ்டரை எப்படித் தட்டிக்கொடுத்து உட்கார வைப்பது. எல்லாம் நல்ல பாடங்கள். மேட்ரனுக்குத் தொழில் தெரியும். ஆனால் அந்த முதல் நாளில் இன்னொன்றும் சொன்னார். "எதக் கேக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவதான் இந்த நாற்காலியில உக்கார முடியும்." அன்றைக்கு லோகேஸ்வரி அதை மண்டையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டாள். இப்போது அந்த ஆட்டிய தலையை நினைத்தால் அவளுக்கே அறைய வேண்டும் போலிருந்தது.

வெளியே லிப்டுக்கு எதிர்ச் சுவரில் பச்சை நிறத்தில் ஒரு பலகை. இந்த வருடம் முழுக்க இந்த மாடியில் ஒருவருக்கும் ஊசி குத்தவில்லை, விபத்து ஏதுமில்லை, எல்லாம் பூஜ்யம் என்று அதில் இருந்தது. தரச் சான்றிதழுக்கான குழு நாளை மறுநாள் பார்வையிட வருகிறது. பலகையை வடிவமைத்து, ஆணி அடித்து, எழுத்தை ஒட்டியவள் லோகேஸ்வரி. அதுதான் அவளுடைய பயிற்சி வேலை. வட்டமாக ஒரு பூஜ்யத்தை வெட்டி, கோணாமல் ஒட்டுவதற்கு அரை நாள் ஆனது.

"யாருக்காக இவ்வளவு பாடு படுற? அந்தப் பொம்பள ஒங்கிட்ட வந்து அழுதாளா?"

"அழல. அழற ஆளு இல்ல அவங்க."

"பின்ன?"

"அது என் அம்மா."

மேட்ரன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. குளிர்சாதனப் பெட்டி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த மூணாம் மாடி ஆன்ட்டியா?"

"ஆமா. மூணாம் மாடி ஆன்ட்டிதான்."

*

முந்தின நாள் பொழுது சாய்கிற நேரத்தில்தான் அவள் அதைக் கண்டுபிடித்தாள். பெடாஸுக்கும் ரெம்பாவுக்கும் இடையில், செம்பனைக் காட்டின் விளிம்பில், தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசையில் அவள் குடும்பத்தின் பழைய லயத்து வீடு. தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் இப்போது வங்காளதேசத்துப் பையன்களும் இந்தோனேசியாக்காரர்களும்தான். இவர்களை மட்டும் யாரும் காலி செய்யச் சொல்ல மறந்துபோய், அப்படியே இருந்துவிட்டார்கள். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா சன்னாசி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இடுப்புக்குத் தலையணை வைத்துக்கொண்டு, மண்சாலையில் குலை ஏற்றிய லோரி ஒன்று சேற்றில் திணறுவதை ரசித்துக்கொண்டிருந்தார்.

அம்மா கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். கரண்டியைப் பிடித்த கையில் ஆள்காட்டி விரல் மட்டும் எட்டி நின்றது. நுனியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு.

"என்னம்மா கையில?"

"முள்ளு."

"ஆஸ்பத்திரியில ஏதும்மா முள்ளு?"

லெட்சுமி அப்பளத்தை நொறுக்கினாள். பொய் சொல்லத் தெரியாதவள். வாயை மூடிக்கொள்ள மட்டும் தெரியும்.

"அம்மா."

"ஊசிலா. கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. கூட்டிக்கிட்டே போறப்ப பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு, எடுத்தேன்."

"கையாலயா எடுத்த?"

"பின்ன, காலாலயா எடுப்பாங்க?"

வாசலில் அப்பா சிரித்தார்.

"கிளவுஸ் எங்க?"

"கிழிஞ்சு போச்சு. புதுசு அடுத்த மாசந்தான் குடுப்பாங்க. கேளு முழுசா. எடுத்தப்ப குத்தல. மூடி பக்கத்துலயே உருண்டு கெடந்துச்சு. மொட்டையா குப்பையில போட்டா அள்ளுறவ கையில ஏறுமேன்னு மூடியச் சொருகுனேன். அப்பத்தான் சுருக்குன்னு வந்துச்சு. ரெண்டு சொட்டு இரத்தத்தப் பிதுக்கி விட்டுட்டு வேலயப் பாத்தேன்."

படித்தவர்கள் ஒருவரும் செய்யமாட்டார்கள் அந்தக் காரியத்தை. போட்ட ஊசிக்கு மூடி மாட்டாதே என்பது நர்ஸ் பிள்ளைகளுக்கு முதல் வாரத்துப் பாடம். லெட்சுமிக்கு அந்தப் பாடத்தை யார் நடத்தினார்கள்? அவளுக்கு நடந்த பாடம் வேறு. சன்னாசி நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் குலையை அறுத்துத் தள்ளுவார். குலை தொப்பென்று விழுந்து பழங்கள் சிதறும். பின்னாலேயே குனிந்த முதுகோடு லெட்சுமி போய் உதிரியைப் பொறுக்குவாள். சருகுக்கு அடியில், முள் மட்டைக்கு இடுக்கில், எறும்புப் புற்றில், எங்கே உருண்டிருந்தாலும் பொறுக்க வேண்டும். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பின்னால் வந்து பூட்ஸால் சருகைத் தள்ளிப் பார்ப்பான். ஒரு பழம் கிடந்தாலும் சன்னாசிக்குப் பேச்சு விழும். பொறுக்கியது அவள், எடை போட்டது சன்னாசி பேரில். அவள் பேர் தோட்டத்தில் எங்கேயும் கிடையாது. உதிரிக்குக் கையுறை போட்டால் வேகம் வராது என்று வெறுங்கையோடு பொறுக்கிப் பழகிய கை. செம்பனை முள் ஏறாத நாள் கிடையாது. ஏறினால் பிடுங்கி, இரத்தத்தைப் பிதுக்கி, சுண்ணாம்பு வைக்க வேண்டியது. சாயங்காலம் சோறு பொங்க வேண்டியது.

கீழே கிடப்பதைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போக அந்தக் கைக்குத் தெரியாது. அவ்வளவுதான் சங்கதி.

லோகேஸ்வரி சாப்பிட்ட கையைக் கழுவாமலே எழுந்து மோட்டர் சைக்கிள் சாவியை எடுத்தாள்.

"வா. சிரம்பான் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எதுக்கு?"

"அது முள்ளு இல்லம்மா. அடுத்தவங்க இரத்தம். என்னென்ன சீக்கு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? மஞ்சக் காமாலைக்கு எனக்கெல்லாம் தடுப்பூசி போட்டுத்தான் உள்ள விட்டாங்க. ஒனக்குப் போட்டாங்களா?"

"எனக்கு எதுக்குப் போடுறாங்க? நான் என்னா ஊசி போடுற மிஸியா?"

"அதத்தாம்மா நானும் கேக்குறேன்!"

"கத்தாத. பக்கத்து வீட்டுல காது இருக்கு." லெட்சுமி குழம்புச் சட்டியை மூடினாள். "நான் வரல. போனா எங்க குத்துச்சு, யாரு கம்பெனின்னு கேப்பாங்க. எழுதுவாங்க. எழுதுனா சூப்பர்வைசருக்குப் போகும். நாலாம் மாடியில ஒருத்தி வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சு கேஸாச்சு, தெரியுமா? அந்த கேங்கு முழுக்க மறுநாளு வீட்டுல. இப்ப நேப்பாளத்துப் புள்ளைங்க நிக்குது. எங்க வேன்ல வர்றவளுக எல்லாம் நான் கூட்டிட்டு வந்த ஆளுங்க. மாரியம்மா புருஷனுக்கு டயாலிசிஸ். உமாவுக்குக் கைப்புள்ள. அவளுக வயித்துல அடிக்கச் சொல்றியா?"

"அதுக்காக நீ சாகணுமா?"

"முள்ளு குத்தி எவ செத்தா?"

அப்பா வாசலில் இருந்தபடியே சொன்னார். "விடுறா லோகா. ஒங்கம்மா கையில ஏறுன முள்ள எல்லாம் பொறுக்கி வச்சிருந்தா ஒரு வேலியே போட்டிருக்கலாம்."

"சிரிப்பு வருதாப்பா ஒங்களுக்கு?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. லோரி சேற்றை விட்டு ஏறிப் போனது.

"இன்னொன்னு," என்றாள் லெட்சுமி. "நான் ஒன் அம்மான்னு அங்க வாயத் தொறக்கக் கூடாது. நாளைக்கு நீ பெரிய மிஸியா வரணும். ஒனக்குக் கீழ வேல செய்யறவளுக, இவ ஆத்தா கக்கூசு கழுவுனவன்னு பேசக் கூடாது."

மூன்று மாதமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. வராந்தாவில் எதிரெதிரே வருவார்கள். லெட்சுமி மோப்பை ஓரமாக இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பாள். லோகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு கடந்து போவாள். பெற்றவளைத் துடைப்பத்தோடு தாண்டிப் போவதும் பயிற்சியில் ஒரு பாடம் போல ஆகிவிட்டது.

*

"மத்தியானம் வரைக்கும் பொறு. யோசிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத," என்று மேட்ரன் அனுப்பி வைத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் லோகேஸ்வரி பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனாள். வார்டில் ஒரு பென்ட்ரி இருந்தது. மேசை, மின்விசிறி, சுடுதண்ணீர் எல்லாம் உண்டு. கொன்ட்ரேக் ஆட்களுக்கு அங்கே இடமில்லை. படிக்கட்டின் அடியில், பிளீச்சு டப்பாக்களுக்கும் ஈரத் துடைப்பங்களுக்கும் நடுவே அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, பச்சைச் சட்டைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நெத்திலிச் சம்பல் வாசனையும் பிளீச்சு வாடையும் கலந்து மூக்கில் ஏறியது.

"வாங்க பெரிய மிஸி," என்றாள் மாரியம்மா. பருத்த உடம்பு, வாய் அதைவிடப் பெரிசு. "எங்க சோத்துல மண்ணள்ளிப் போட வந்தீங்களா? சொல்லிருங்க, மூடி வச்சுத் தின்னுக்கிறோம்."

லெட்சுமி தலை தூக்கவே இல்லை. "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"நான் ஒன் அம்மான்னும்?"

"அதையும்."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "நல்லா இரு," என்றாள் லெட்சுமி. திட்டுவதற்கு அவளிடம் இருந்த பெரிய வார்த்தை அதுதான்.

"ஏம் பாப்பா," மாரியம்மா விரலை நக்கிவிட்டு நீட்டினாள், "படிச்சா அறிவு வரும்னாங்க. ஒனக்குக் கோவந்தான் வந்திருக்கு. ஒங்கம்மாவுக்கு ஒரு குத்துக்கே ஆஸ்பத்திரியையே தலைகீழா நிறுத்துறியே, எனக்குப் போன தீபாவளிக்கு முன்னால குத்துச்சு. இந்தா, இந்த எடத்துல. நான் செத்தா போயிட்டேன்? ஒன் முன்னாலதான் உக்காந்து சம்பல் திங்கறேன்."

"அத்த, ஒங்களுக்குமா? யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்டலா சொல்றது? லிப்டுக்கு எதுத்தாப்புல போர்டு மாட்டியிருக்கியே, அதுக்கிட்டயா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவள் உமா ஒருத்திதான். இருபது வயதுதான் இருக்கும். சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு மடியில் வைத்திருந்தாள்.

"எனக்கும் குத்துச்சுக்கா," என்றாள் மெல்ல. "பில்லியத் தூக்கி காலால அமுக்கும்போது தொடையில. ரெண்டு தடவ."

பில்லி என்பது குப்பைப் பை. மாரியம்மா சிரிப்பை நிறுத்தினாள். இது அவளுக்கே தெரியாது போலிருக்கிறது.

"எப்படி உமா?"

"வயித்துல புள்ள இருக்கறப்ப ஒண்ணு. அப்புறம் ஒண்ணு." சட்டை நுனியை உருட்டினாள். "புள்ளைக்குப் பால் குடுக்கிறேன். ஏதும் ஆகுமாக்கா?"

புத்தகத்தில் பதில் இருந்தது. சதவீதம் இருந்தது. அதை அந்தப் படிக்கட்டுக்கு அடியில், அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அவள் கோணாமல் வெட்டி ஒட்டிய பூஜ்யத்துக்குள் இவ்வளவு விரல்கள் கிடக்கின்றன. குத்தியவற்றை எல்லாம் இந்தப் பெண்களே குனிந்து பொறுக்கி, சத்தமில்லாமல் தங்கள் உடம்புக்குள் போட்டு மூடிவிட்டார்கள். வார்டு சுத்தமாக இருக்கிறது. சான்றிதழ் கொடுக்கப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள்.

"இரத்தம் சோதிக்கணும் உமா. பயப்படாத. சோதிச்சாத்தான் தெரியும்."

"சும்மா இருந்த புள்ளயப் பயமுறுத்திட்டுப் போறா பாரு," என்றாள் மாரியம்மா. ஆனால் குரலில் முந்தின காரம் இல்லை. தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லெட்சுமி எழுந்து, மற்றவர்கள் சிந்திய பருக்கைகளை ஒவ்வொன்றாக விரலால் ஒற்றி எடுத்தாள்.

*

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தபோது மேட்ரன் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஒரு வெள்ளை உறை இருந்தது.

"உக்காரு. இப்பவாவது உக்காரு."

லோகேஸ்வரி உட்கார்ந்தாள்.

"நானும் ஒரு காலத்துல ஒன்ன மாதிரித்தான் ஆத்தா. ஒரு டாக்டர் தப்ப மீட்டிங்குல கேட்டேன். ரெண்டு வருஷம் ஸ்டோர்ல பெட்ஷீட் மடிக்க விட்டாங்க. அதுக்கப்புறந்தான் வேலைய எப்படி முடிக்கிறதுன்னு கத்துக்கிட்டேன். கேட்டு முடிக்கிறதில்ல, சத்தமில்லாம முடிக்கிறது." உறையை அவள் பக்கம் தள்ளினார். "மருந்து இதுல இருக்கு. டாக்டர்கிட்ட நானே பேசிட்டேன். அந்த நோயாளிக்கும் இரத்தம் எடுத்தாச்சு. ஒங்கம்மா இன்னிக்கே ஆரம்பிக்கலாம்."

மனுஷி நல்லவள்தான் என்று லோகேஸ்வரி ஒரு கணம் நினைத்தாள்.

"ஆனா ஒண்ணு. ஊசி குத்துனது ஒனக்குன்னு எழுதணும்."

"எனக்கா?"

"நீ ஸ்டூடன்ட். பல்கலைக்கழகம் இன்சூரன்ஸ் எடுத்திருக்கு. ஸ்டூடன்டுக்கு நடந்தா எங்க கணக்குல வராது, பலகை அப்படியே இருக்கும். கொன்ட்ரேக் கம்பெனிக்கும் போகாது, அந்தப் பொம்பளைங்க வேலையும் தப்பிச்சது. மருந்து ஒன் பேர்ல வரும், ஒங்கம்மா முழுங்கட்டும். யாருக்கு நஷ்டம்?"

சுத்தமான கணக்கு. எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியாக வந்தது. பேர்தான் வேறு. தோட்டத்தில் அம்மாவின் உழைப்பு அப்பா பேரில் போனது, இப்போது அம்மாவின் காயம் மகள் பேரில் போகப்போகிறது. நாளைக்கு அந்தக் கையில் நோய் வந்தால், லெட்சுமி என்பவள் இங்கே காயமே படவில்லை. அவளுக்கு மருத்துவச் செலவு கேட்கவும் வழியிருக்காது, நியாயம் கேட்கவும் வழியிருக்காது. உமாவுக்கும் மாரியம்மாவுக்கும் அடுத்த குத்து வரும்போது, அவர்களுக்குப் பேர் கொடுக்க ஒரு மகள்கூட இங்கே இருக்கமாட்டாள்.

ஆனாலும் உறை மேசைமேல் இருந்தது. மருந்து மருந்துதான்.

"அம்மாவக் கூப்பிடுங்க," என்றாள். "அவங்க ஒடம்பு. அவங்க சொல்லட்டும்."

லெட்சுமி மோப்போடு வந்தாள். கதவோரமாகவே நின்றாள்.

"வாங்கம்மா, உக்காருங்க."

"பரவால்ல மிஸி. துணியெல்லாம் ஈரம்."

"ஒங்க பேரு என்னம்மா?"

"லெட்சுமி, மிஸி."

இந்த மாடியை அவள் துடைக்க ஆரம்பித்து வருடக்கணக்காகிறது. அந்தக் கேள்வி இன்றைக்குத்தான் வந்தது. மேட்ரன் பொறுமையாக, நல்ல தமிழில் விஷயத்தை விளக்கினார். லெட்சுமி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "சரி மிஸி" என்றாள். வேன் பெண்களின் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று கேட்டதும் முகம் தெளிந்தது. மகளைப் பார்த்து, பார்த்தியா என்பது போல் தலையை அசைத்தாள்.

"இந்த மருந்து எதுக்கு மிஸி? காய்ச்சலுக்கா?"

மேட்ரன் மகளைப் பார்த்தார்.

"இல்லம்மா. அது வந்து... எய்ட்ஸ் வராம இருக்க. வரும்னு இல்ல, ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"அது எம் மக பேர்லயா எழுதியிருக்கும்?"

"பேப்பர்ல மட்டுந்தாம்மா."

"எப்பவும் இருக்குமா பேப்பரு?"

"இருக்கும்தான். ஆனா யாரு பாக்கப் போறா?"

லெட்சுமி தரையைப் பார்த்தாள். துடைத்த தரையில் அவள் செருப்பின் ஈரத் தடம் பதிந்திருந்தது.

"வயசுப் புள்ள மிஸி," என்றாள். "கல்யாணம் காச்சி ஆகணும். அவ பேர்ல அந்தச் சீக்க எழுதுவீங்களா? ஒங்க வீட்டுப் பொண்ணு பேர்ல எழுதுவீங்களா?"

"அம்மா, புரிஞ்சுக்குங்க, அது சும்மா ஒரு..."

"சும்மான்னா எம் பேர எழுதுங்க. எங் கையிலதான குத்துச்சு? நான் லெட்சுமி. லெட்சுமின்னு எழுதுங்க."

லோகேஸ்வரி அந்தக் குரலைப் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. மேட்ரனும் எதிர்பார்க்கவில்லை. உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒங்க பேர எழுதுனா என்ன ஆகும்னு தெரியும்ல? ஒங்க கேங்க நான் காப்பாத்த முடியாது. கம்பெனி முடிவு பண்ணும்."

லெட்சுமி மோப் கம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். மாரியம்மாவின் புருஷனும் உமாவின் கைப்பிள்ளையும் அந்த அறைக்குள் வந்து நின்றுகொண்டதை லோகேஸ்வரியால் பார்க்க முடிந்தது. இன்னும் ஒரு நிமிடம் விட்டால் அம்மா குனிந்துவிடுவாள். குனிந்து, கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு, சரி மிஸி என்று போய்விடுவாள்.

லோகேஸ்வரி எழுந்தாள்.

"மேட்ரன், ஒங்க யோசனைக்கு நன்றி. வேணாம்."

"உக்காரு லோகா. கோவத்துல பேசாத."

"கோவத்துலதான் பேசுறேன். ஆனா முடிவு காலையிலயே எடுத்தாச்சு." பையைத் திறந்து காட்டினாள். லெட்சுமியின் அடையாள அட்டை, ஐசி, பழைய பிளாஸ்டிக் உறையில். "அரிசி டின்னுக்குப் பின்னால வச்சிருப்பாங்க. விடிஞ்சதும் எடுத்துட்டு வந்துட்டேன். ஒங்ககிட்ட கேட்டது, நீங்களா செய்வீங்களான்னு பாக்கத்தான். இப்ப நேரா கவர்மென்ட் ஆஸ்பத்திரி. அங்க எங்க குத்துச்சுன்னு கேப்பாங்க, சொல்லுவோம். அதுக்கப்புறம் தொழிலாளர் இலாகா. அங்க மாரியம்மா அத்த விரலையும் உமா தொடையையும் சேத்தே பேசுவேன். குத்துபட்டதுக்காக வேலய விட்டு நிறுத்துனா அது என்ன குத்தம்னு அவங்களே கம்பெனிக்குச் சொல்லட்டும்."

"அவளுக வரமாட்டாளுக. ஒன்னத் தனியா விட்டுட்டு ஓடிருவாளுக."

"வரலன்னா தனியா நிக்கிறேன்."

"என் கையெழுத்து?" மேட்ரன் குரலை இப்போதும் உயர்த்தவில்லை. "இத்தன வருஷம் படிச்சது, ஒன் குடும்பத்துல மொத ஆளு, எல்லாத்தையும் இந்த அறையிலயே விட்டுட்டுப் போறியா?"

லோகேஸ்வரிக்குக் கண் கலங்கியது. கலங்கியதே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

"இந்த நாற்காலியில உக்காரத்தான் படிச்சேன் மேட்ரன். உக்காந்தா எதக் கேக்கக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்தீங்க. அந்தப் பாடத்துக்கு எனக்குக் கையெழுத்து வேணாம்."

அம்மா பக்கம் திரும்பினாள். லெட்சுமி கதவோரத்தில் மோப்பைப் பிடித்தபடியே நின்றாள். முகம் அழுகிறதா, வைகிறதா என்று தெரியவில்லை.

"கீழ மோட்டர்கிட்ட நிக்கிறேன்மா. மழ வருது. வா."

கையைப் பிடித்து இழுக்கவில்லை. நேற்று இழுத்துப் பார்த்தாயிற்று. வெளியே வந்து நடந்தாள். லிப்டுக்கு எதிரே பச்சைப் பலகை. நின்று, நகத்தால் சுரண்டி, அந்தப் பூஜ்யத்தை உரித்தாள். நன்றாகத்தான் ஒட்டியிருந்தாள், ஒரே இழுப்பில் வரவில்லை. கிழித்து எடுத்து, கசக்கி, துடைத்த தரையில் போட்டுவிட்டு நடந்தாள்.

படிக்கட்டின் முதல் படியில் கால் வைத்தபோது பின்னால் சத்தம் கேட்டது. நீளக் கம்பு ஒன்று தரையில் விழுந்து உருண்டு, சுவரில் இடித்து நின்றது. அதை யாராவது எடுக்கும் சத்தத்துக்காக அவள் காது காத்திருந்தது.

ஒருவரும் எடுக்கவில்லை. ஈரச் செருப்பு ஒரு சோடி மட்டும் சளக் சளக்கென்று வராந்தாவில் வரத் தொடங்கியது. லோகேஸ்வரி திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.